உப்புத் தெருவில் இல்லாத படகு

அவளைப் பல்லழகி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பல்வரிசை அழகு என்பதற்காக இல்லை. அவளுடைய முன்பல் இரண்டும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை முறிந்ததுபோல ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும். பல் செட் செய்கிற லேப்பில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பதால் வந்த பெயர் அது. ஊரில் உள்ள பொக்கை வாய்களில் பாதி அவள் கைபட்டுத்தான் மறுபடியும் கடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

பல் டாக்டர்கள் ஈறு அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் மாவுக்கட்டுக்குப் போடுகிற மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்து, மேலே மெழுகு கட்டி, அந்த மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவாள் பல்லழகி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அளவெடுத்தாற்போல் நேராக அடுக்குவார்கள். இவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, ஓரத்துப் பல் ஒன்றை மெழுகுக் கத்தியால் லேசாகத் திருப்பி வைப்பாள். "ரொம்ப ஒழுங்கா இருந்தா பொய்ப்பல்னு காட்டிக்கொடுத்துடும்" என்பாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கணவர் பிரிந்துபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகள், விமான நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை. இருவருமாக மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள்.

ஒருநாள் காலை, துடைத்து ஈரம் காயாத லேப் படிக்கட்டில், தட்டு நிறைய மாவு அச்சுகளோடு இறங்கும்போது கால் வழுக்கியது. தட்டை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாள். அச்சு ஒன்றுகூட உடையவில்லை. கணுக்கால் உடைந்துவிட்டது.

முதலாளி அதிகம் பேசாதவர். ஆஸ்பத்திரிக்கு வந்து, அவள் காலில் இருந்த மாவுக்கட்டை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "மாவு சரியாக் கரைக்கல. கட்டி கட்டியா இருக்கு" என்றார். ஆறு வாரம் லீவு கொடுத்துவிட்டுப் போனார்.

ஓடியாடிய உடம்பை உட்காரவைத்தால் வாய்தான் வேலை செய்யும். மகள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவாள். அதற்குள் பத்துத் தடவை போன் போய்விடும். குழாய் சொட்டுகிறது, எதிரே பஸ் டிப்போவில் ஒரே பஸ்ஸை இரண்டு தடவை கழுவுகிறார்கள், நீ சாப்பிட்டாயா. நான்காம் நாள் மகள் ஒரு கனமான பெட்டியோடு வந்து மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

"இதைப் படி. என் உயிரை எடுக்காதே."

பெட்டிக்குள் ஐந்து புத்தகங்கள். 'உப்புத் தெரு சூனியக்காரிகள்', ஐந்து பாகமும் புதுப்பதிப்பு. பல்லழகிக்குக் கை நீளவில்லை. கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைங்க புத்தகம்டி இது."

"எனக்குச் சோறு ஊட்டுறப்பல்லாம் இந்தக் கதையைத்தானே சொன்ன? படகுல போன அம்மா கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். ஒரு வாய்க்கு ஒரு அலை. இப்ப நீ படிச்சா என்ன, வயசு கரைஞ்சா போயிடும்?"

மகள் சொன்னது உண்மைதான். ஆனால் மகளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் பல்லழகி தன் கண்ணால் படித்ததில்லை. எல்லாம் காதால் கேட்டதுதான்.

எட்டு வயதில் அவளுடைய இடது கண்ணுக்குப் பார்வை மந்தம் என்று கண்டுபிடித்தார்கள். மந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று நல்ல கண்ணின் மேல் டாக்டர் ஒட்டுத்துணி ஒட்டிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒட்டி, படுக்கும்போதுதான் எடுக்க வேண்டும். எழுத்தெல்லாம் தண்ணீரில் விழுந்த எறும்புபோலத் தெரியும். அப்போதுதான் அவளுடைய அக்கா நூலகத்திலிருந்து உப்புத் தெருவைக் கொண்டுவந்து படித்துக்காட்ட ஆரம்பித்தாள். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பாவுக்கு ஐஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அக்கா பள்ளிக்கூடம் முடிந்து நாலு மணிக்கு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஆறு மணிக்குத் திரும்பி வந்து சோறு வைப்பாள். உலை கொதிக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் தங்கைக்கு அம்மாவைப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

மூன்று மாதம். நான்காம் பாகம் பாதியில் இருக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதற்கு முந்தின நாள்கூட அக்கா, "அம்மா வந்துடுவாடி" என்றுதான் சொல்லியிருந்தாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, மீதிக் கதையைக் கேட்டாள் தங்கை.

"புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு. கதை முடிஞ்சு போச்சு" என்றாள் அக்கா.

அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. பிறகு ஒட்டுத்துணி போய்விட்டது, கண்ணும் சரியாகிவிட்டது. ஆனாலும் அந்தப் புத்தகத்தை அவள் தொடவில்லை. அக்கா தங்கை உறவு அறுந்துவிடவில்லை. நல்லது கெட்டது என்றால் வருவார்கள், போவார்கள். ஆனால் பல்லழகியின் மனதில் ஒரு கணக்கு தீராமலே இருந்தது: நீ எனக்குச் சொல்லாமல் விட்டாய். அம்மா போகப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது.

மறுநாள் காலை, மகள் போன பிறகு, காலைத் தூக்கி முக்காலியில் போட்டுக்கொண்டு முதல் பாகத்தைப் பிரித்தாள்.

கதை இதுதான். மலைக்குப் பின்னால் ஓர் ஊர். அதில் உப்புத் தெரு என்று ஒரு தெரு. அங்கே நான்கு சூனியக்காரிகள். ஒருத்திக்கு ஒரு வித்தைதான் தெரியும், இரண்டாவது வித்தை யாருக்கும் கிடையாது. ஒருத்தி காற்றைக் கட்டுவாள். ஒருத்தி தொலைந்ததைக் கண்டுபிடிப்பாள். ஒருத்தி பூட்டைப் பேசவைப்பாள். ஒருத்தி தூக்கம் கொடுப்பாள். அவர்களிடம் வித்தை கற்றுக்கொள்ள வருகிறாள் கரிக்குருவி என்ற பெண். அவளுக்கு என்ன வித்தை வரும் என்று ஐந்து பாகம் முழுக்க யாருக்கும் தெரியாது.

இருபது பக்கம் போவதற்குள் பல்லழகி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். காற்றுக்காரியைப் பற்றி, 'ஐம்பது வயதுக் கிழவி, ஒரு காலை எமன் வீட்டு வாசலில் வைத்திருந்தாள்' என்று எழுதியிருந்தது. எட்டு வயதில் அந்தக் கிழவிக்குத் தாடியே உண்டு என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் கிழவி தன்னைவிட ஒரு வயது சின்னவள்.

படிக்கப் படிக்க, அப்போது கண்ணில் படாதது எல்லாம் பட்டது. இந்தச் சூனியக்காரிகள் எப்போதும் களைத்துப்போய் இருக்கிறார்கள். வித்தை காட்டிவிட்டு வந்து பாத்திரம் தேய்க்கிறார்கள். தூக்கக்காரிக்குத் தன் தூக்கம் மட்டும் வருவதில்லை. அதைச் சிறுவயதில் வேடிக்கையாக நினைத்திருந்தாள். இப்போது, பிரிந்துபோன கணவரோடு இருந்த கடைசி இரண்டு வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, டிப்போவில் பஸ் கழுவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாமே நன்றாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. பூனை பேசும் இடங்கள் அவளுக்கு இப்போது சலிப்புத் தட்டின. பூனை வாயைத் திறந்தாலே பழமொழிதான். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிற பழக்கமும் எழுதியவருக்கு இருந்தது. ஆனாலும் விட முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் ஆறிக்கொண்டே இருக்கும். மகளுக்குப் பத்துப் போன் போனது ஒன்றாகக் குறைந்தது. அதுவும், "கரிக்குருவி தெற்கு வாசல் வழியாத்தான் போனாள்னு நான் சொன்னேன்ல? வடக்கு வாசலாம்டி!" என்று சொல்லத்தான்.

படிக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் மூன்றாம் பாகத்தில் பதினோராம் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு உயிரான அத்தியாயம் அது. கரிக்குருவியின் அம்மா படகில் ஏறிப் போகிற இடம். மழையின் விதையைக் கொண்டுவரப் போகிறாள். படகுக்குள்ளே பதினோரு கட்டில். அம்மாவுடையது ஜன்னலோரம். சிவப்புப் போர்வை. தினமும் ஒரு கடற்பறவை அவள் சொன்ன சேதியைக் கரிக்குருவியிடம் கொண்டுவந்து சொல்லும். பல்லழகி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

படகு இல்லை.

மொத்தமே நாலு பக்க அத்தியாயம். கரிக்குருவியின் அம்மாவுக்குக் காய்ச்சல். நான்கு சூனியக்காரிகளும் வந்து நிற்கிறார்கள். காற்றைக் கட்டுகிறவளுக்கு மூச்சைக் கட்டத் தெரியவில்லை. தொலைந்ததைக் கண்டுபிடிக்கிறவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். யாருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒருத்தி மட்டும் போய் அங்கே கிடந்த தம்ளரை எடுத்துக் கழுவிவைக்கிறாள். விடிகிறபோது அம்மா இறந்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

பல்லழகி பக்க எண்களைச் சரிபார்த்தாள். ஒரு பக்கமும் குறையவில்லை. அடுத்த அத்தியாயத்தில் தேடினாள். நான்காம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் எடுத்து, விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினாள். கடலே இல்லை. அந்தக் கதையில் மொத்தமாக ஐந்து பாகத்திலும் ஒரு கடலும் இல்லை, ஒரு படகும் இல்லை.

சாயங்காலம் மகள் வந்ததும் வராததுமாக, "இந்தப் பதிப்புல வெட்டிட்டாங்கடி" என்றாள். மகள் மறுநாள் வேலையிடத்திலிருந்து நூலகத்துக்குப் போன் போட்டு, பழைய பதிப்பை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். நூலகக்காரர் பார்த்துச் சொன்னார்: பதினோராம் அத்தியாயம், நாலு பக்கம், காய்ச்சல், தம்ளர்.

"அப்போ படகை யார் போட்டது?" என்றாள் மகள்.

பல்லழகி மூன்றாம் பாகத்தை மூடி வைத்தாள். யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தது கோபம்தான். நாற்பத்துமூன்று வருஷத்துக் கோபத்தின் மேல் இன்னொரு குவளை எண்ணெய் ஊற்றினாற்போல் இருந்தது. அம்மா விஷயத்தில்தான் பொய் என்றால், கதையிலுமா? தன்னிடம் நிஜத்தைச் சொல்லியிருந்தால், கரிக்குருவியோடு சேர்ந்தாவது அழுதிருக்கலாமே. இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு, கோபத்தோடேயே நான்காம் பாகத்தை எடுத்தாள்.

அதைப் படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. நான்காம் பாகத்தில் கரிக்குருவியின் அம்மா இல்லாத பக்கமே இல்லை. இல்லாமல் இருப்பதால்தான் இருக்கிறாள். கரிக்குருவி அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள், அவள் குரலைப் பூட்டுக்குள் தேடுகிறாள், அவளைப் பற்றிச் சண்டை போடுகிறாள். ஆனால் பல்லழகி கேட்ட நான்காம் பாகத்தில் அம்மா உயிரோடு படகில் இருந்தாள். அப்படியென்றால் அக்கா ஒரு அத்தியாயத்தை மட்டும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் மாற்றியிருக்கிறாள். புத்தகத்தைக் கையில் பிடித்தபடி, கண் ஒன்றைப் பார்க்க, வாய் வேறொன்றைச் சொல்லியிருக்கிறது. ஒரு நாள்கூட நாக்கு குழறவில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை, உலை கொதிக்கிற அடுப்பங்கரையில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். தங்கை விழுந்து பதினாறு நாள் கழித்துத்தான் அவளுக்கு நேரம் கிடைத்தது. தண்ணீர் வாரியத்தில் புகார் எடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஊர்க்காரர்களின் திட்டை வாங்கி வாங்கி, பேச்சே ரசீது மாதிரி ஆகிவிட்டது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, பையிலிருந்து நாலு ஆரஞ்சை எடுத்துவைத்து, கையோடு கொண்டுவந்த ஊன்றுகோலையும் நீட்டினாள்.

"இது யாரோடது?" என்றாள் பல்லழகி.

"ஆபீஸ்ல ஒருத்தர் ரிட்டையர் ஆயிட்டார். கால் சரியாப் போச்சாம். சும்மா கிடந்துச்சு. எவ்வளவு நாள் கட்டு?"

"இன்னும் நாலு வாரம்."

"ம்."

மகள் தேநீர் போட உள்ளே போனாள். பல்லழகி மூன்றாம் பாகத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா அட்டையைப் பார்த்தாள். கை அதன்மேல் போகவில்லை. ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள்.

"படகு எங்கக்கா?"

"எந்தப் படகு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. கரிக்குருவி அம்மா போன படகு. இதுல இல்லையே."

"நாற்பது வருஷம் ஆச்சு. எனக்கு நேத்து எடுத்த புகாரே ஞாபகம் இல்ல."

"எனக்கு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. அம்மா செத்துடுவான்னு உனக்குத் தெரியும். என்கிட்ட மறைச்ச. கதையிலயும் மறைச்சிருக்க. என்னை என்ன, ஒண்ணும் தெரியாத பொம்மைன்னு நினைச்சியா?"

இவ்வளவு வருஷத்தில் அவள் இதை வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. குரல் அவளையறியாமல் உயர்ந்துவிட்டது. உள்ளே மகள் தம்ளர் வைக்கிற சத்தம் நின்றது.

அக்கா உரித்த ஆரஞ்சை முழுசாகக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உனக்காக மறைச்சேன்னு நினைச்சுக்கிட்டிருக்கியா? நான் அந்த அத்தியாயத்தை இன்னைக்கு வரைக்கும் படிக்கல."

"என்ன?"

"முதல் வரி மட்டும்தான் படிச்சேன். 'கரிக்குருவியின் அம்மாவுக்கு அன்று எழுந்திருக்க முடியவில்லை.' அவ்வளவுதான். அன்னைக்குத்தான் அம்மாவும் எழுந்திருக்கல. நான் போனப்ப என்னைத் தெரியல அவளுக்கு. மறுநாள்தான் தெளிஞ்சா. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தொறந்தா இது. என்னால முடியல. நீ வேற ஒரு கண்ணை மூடிக்கிட்டு, 'ம், சொல்லு, ம், சொல்லு'ன்னு உக்கார்ந்திருந்த. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். படகுன்னு வந்துச்சு."

"அதுக்கப்புறம் நாலாம் பாகம் பூரா?"

"ஆமா, ஒரு பொய் சொன்னா சும்மா விடுமா? அம்மா பேரு வர்ற இடமெல்லாம் தாண்டித் தாண்டிப் படிச்சேன். கதை நொண்டும். அதுக்கு முட்டுக் கொடுக்கப் படகு." அக்கா ஒரு சுளையைப் பிய்த்துத் தங்கையிடம் நீட்டினாள். "அதுவும் நானா ஒண்ணும் யோசிக்கல. அவ்வளவு மூளை எனக்கு ஏது? அங்க பார்த்ததைச் சொன்னேன்."

"எங்க பார்த்தது?"

"வார்டுலதான். பதினோரு கட்டில்."

பல்லழகி சுளையைக் கையில் வைத்தபடியே இருந்தாள். அவள் வாய் தானாகச் சொல்லிற்று.

"ஜன்னலோரம்."

"ஜன்னலோரம். சிவப்புப் போர்வை. ஆஸ்பத்திரிப் போர்வை."

"'இதை நெய்தவன் குள்ளன் போலிருக்கு. தலையை மூடினா கால் தெரியுது, காலை மூடினா தலை தெரியுது.'"

"அது அம்மா சொன்னது. சொல்லிட்டு அவளே சிரிச்சா."

"யார் முகத்தையும் பார்க்காம, கட்டில்ல தொங்குற பலகையை மட்டும் படிச்சிட்டுப் போற கேப்டன்?"

"பெரிய டாக்டர். அம்மா அவருக்குப் பலகை வாத்தியார்னு பேரு வச்சிருந்தா. நான் கேப்டன்னு மாத்தினேன்."

"கடற்பறவை?"

அக்கா மடியில் விழுந்த தோலைப் பொறுக்கினாள். "அது நான்தான்" என்றாள்.

மகள் தேநீர்த் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பல்லழகி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வரி அவளுக்கு எப்போதும் புரியாமலே இருந்தது. படகிலிருந்து பறவை கொண்டுவந்த சேதிகளில் ஒன்று: 'கரிக்குருவியிடம் முன்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்காதே என்று சொல்லு. பல் கோணிக்கொள்ளும்.' மழை விதை தேடிப் போன ஒருத்தி எதற்குப் பல்லைப் பற்றிப் பேசுகிறாள் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறாள். தன் மகளுக்குச் சொல்லும்போதுகூட அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவாள்.

"பல்லு..." என்று ஆரம்பித்தாள்.

"தினமும் கேப்பா. 'சின்னது பல்லைத் தள்ளுதா? தள்ள வேண்டாம்னு சொல்லு.' நான் வந்து சொல்லுவேன். நீ கேட்டாத்தானே?" என்றாள் அக்கா.

பல்லழகி அழுதாள். கையில் ஆரஞ்சுச் சுளை நசுங்கிச் சாறு மாவுக்கட்டில் சொட்டியது. அக்கா எழுந்து வரவில்லை, தோளைத் தட்டவில்லை, அது அவளுக்கு வராது. முந்தானையால் மாவுக்கட்டைத் துடைத்தாள். "இது கறை பிடிச்சா போகாதுடி" என்றாள்.

மூன்று மாதம் அம்மாவைப் பார்க்காமல் இருந்ததாகத்தான் பல்லழகி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். தினமும் ஏழு மணிக்கு அம்மாவின் சேதி அவளுக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வேறு பெயரில் வந்ததால் தெரியவில்லை. மறைத்ததற்கான கோபம் போய்விட்டதா என்றால், முழுக்கப் போகவில்லை. கடைசி நாள் தனக்கும் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் இன்றும் நினைக்கிறாள். அதை அக்காவிடமும் சொன்னாள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் அக்கா. "எப்படிச் சொல்றதுன்னு எனக்கு யார் சொன்னா?"

கிளம்பும்போது அக்கா மூன்றாம் பாகத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கேட்கவில்லை, போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அதை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, ஆபீஸ் கேன்டீன்ல. பக்கத்துல இருந்தவ என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டுட்டா. போன்ல யாரோ திட்டிட்டான்னு சொன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "அந்தத் தம்ளர் கழுவுறது சரி. அது நல்லா எழுதியிருக்கு. மத்தபடி ரொம்பச் சுருக்கம். நாலே பக்கமா? என் படகு இதைவிட நல்லா இருந்துச்சு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பல்லழகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து அடங்கியதும் மகள் சொன்னாள்: "பெரியம்மா, அப்போ எனக்குச் சோறு ஊட்டினதெல்லாம் ஆச்சி பேச்சா? நான் பார்த்ததே இல்லையே அவங்களை."

"அதான் ஒல்லியா இருக்க. அவளும் அப்படித்தான், பேசிக்கிட்டே இருப்பா, சாப்பிட மாட்டா" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு கட்டுப் பிரிக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வந்தாள். பல்லழகி ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்லி, படகுக் கதையை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். இவளுக்கு ஞாபகம் இருந்ததைச் சொல்வாள். அக்கா, அது அம்மா சொன்னது, இது நான் சேர்த்தது என்று பிரித்துக் கொடுப்பாள். சில இடங்களில் அவளே திணறினாள். பக்கத்துக் கட்டில் மாலுமி ராகம் போட்டுக் குறட்டை விட்டது நிஜமா, கதையா? "தெரியலடி. ரொம்ப நாள் சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆயிடுச்சு" என்றாள். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பல்லழகி பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தாள். நோட்டில் பாதிக்கு மேல் கேள்விக்குறிதான். அம்மாவுடையது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது பத்தொன்பது வரி. பத்தொன்பது என்பது அவளுக்குக் குறைவாகத் தோன்றவில்லை.

கட்டுப் பிரித்ததும் ஊன்றுகோலோடு லேப்புக்குப் போனாள். முதலாளி அவள் காலைப் பார்த்தார், பிறகு அவள் இல்லாத நாளில் மற்றவர்கள் அடுக்கிவைத்திருந்த பல் வரிசைகளைக் காட்டினார். "எல்லாம் பட்டாளத்து அணிவகுப்பு மாதிரி நிக்குது. கொஞ்சம் கலைச்சு விடுங்க" என்றார்.

ஐந்தாம் பாகத்தை அவள் கட்டுப் பிரிப்பதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தாள். கரிக்குருவிக்கு என்ன வித்தை வந்தது, காற்றுக்காரி என்ன ஆனாள், எல்லாம் தெரியும். முடிவு அவளுக்கு அரைமனதாகத்தான் பிடித்தது. எட்டு வயதில் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள் என்று தோன்றியது. இப்போது அந்தப் புத்தகம் அக்காவிடம் இருக்கிறது. அவள் ஆமை வேகத்தில் படிக்கிறாள். புகார் போன்களுக்கு நடுவில் இரண்டு பக்கம், மூன்று பக்கம்.

நேற்று காலை பதினொரு மணிக்கு லேப்பில் போன் அடித்தது. பல்லழகி கை முழுக்க மெழுகு. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"ஏய், இந்தக் காற்றுக்காரி மலைக்குப் போனாளே, திரும்பி வருவாளா மாட்டாளா?"

"நீ எந்தப் பக்கத்துல இருக்க?"

"நூத்து நாற்பது. இரு, சொல்லிடாதே. வருவாள்னுதான் நினைக்கிறேன். வரலன்னா இந்தப் புத்தகத்தைத் தூக்கித் தொட்டியில போட்டுடுவேன், சொல்லிட்டேன். சரி, இன்னொரு லைன் அடிக்குது, எந்தத் தெருவுலயோ குழாய் உடைஞ்சிருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

பல்லழகி உதட்டை இறுக்கிக்கொண்டு, மெழுகில் அடுத்த பல்லை நட்டாள்.